கால் கட்டைவிரலும் கண்வலிக்கிழங்கும்

வெள்ளிமலை பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிற ஒருவன் வாந்தி எடுத்தால், அவனிடம் எங்கள் கள்ளக்குறிச்சி கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "குடிச்சியா?" மனைவி கேட்பாள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். ஆட்டோக்காரர் கேட்பார். ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு எழுதுகிறவர் பேனாவை எடுப்பதற்கு முன்பே கேட்பார். நான் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டவன் இல்லை. அதை எத்தனை பேரிடம் சொல்வது? குடல் வாய் வழியாக வெளியே வந்துவிடும்போல இருக்கும் நேரத்தில் நல்லொழுக்கத்துக்குச் சாட்சி தேடிக்கொண்டிருக்க முடியுமா?

எனக்கு நேர்ந்ததை எழுதி வையுங்கள் என்று சொன்னவர் எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா. மலையிலும் அடிவாரத்திலும் நாலு பேர் படித்து ஜாக்கிரதையாக இருப்பார்கள் என்றார். ஜாக்கிரதையாக இருக்கிறார்களோ இல்லையோ, வாந்தி எடுக்கிறவனை "இன்னா சாப்ட்ட?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் வலது கால் கட்டைவிரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதை அதில்தான் ஆரம்பிக்கிறது. பல வருஷமாக அது எனக்கு எதிரி. இரத்தத்தில் யூரிக் ஆசிட் என்ற ஒரு கழிவு ஜாஸ்தியாகி, ஊசி ஊசியான படிகமாக மாறி, விரல் மூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதற்கு கவுட் என்று பெயர். வருஷத்தில் சில தடவை விரல் சிவந்து, வீங்கி, தக்காளிப் பழம் மாதிரி ஆகிவிடும். அப்போது அதன்மேல் போர்வை பட்டால் வலிக்கும். ஃபேன் காற்று பட்டால் வலிக்கும். யாராவது பக்கத்தில் வேகமாக நடந்து போனாலும் வலிக்கும். இந்த விரலோடு மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு நின்றுகொண்டே டிக்கெட் கிழிக்க வேண்டும். ஏறுகிற ஒவ்வொருத்தரும், வேறு இடமே இல்லாதது மாதிரி, சரியாக அந்த விரலைத்தான் மிதிப்பார்கள்.

என் மனைவி தனலட்சுமிக்கு இதெல்லாம் ஒரு வியாதியாகவே தெரியாது. "வலிக்குது, வலிக்குது" என்று நான் கத்தினால் அடுப்படியிலிருந்தே பதில் வரும்: "வெரல்தானே? உசுரா போவுது? ஊரக் கூட்டாதீங்க." அதற்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்த கோல்சிசின் என்ற மாத்திரை என் தோல்பையில் எப்போதும் இருக்கும். விரல் லேசாகத் துடிக்க ஆரம்பித்ததும் ஒன்று போட்டுக்கொள்வேன். அந்த மாத்திரையின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

அடுத்து பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைக்காரர்கள் எங்கள் பஸ்ஸில் வெறுங்கையோடு ஏறுவதில்லை. பலாப்பழக் காலத்தில் பலாச்சுளை, கொய்யாக் காலத்தில் கொய்யா, அறுப்பு முடிந்தால் சாமை, இப்படி எதையாவது டிரைவருக்கும் எனக்கும் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். ஆள் வராமல் சாமானை மட்டும் ஏற்றி அனுப்புவதும் உண்டு. கீழே ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார். எல்லாம் கடைசி சீட்டுக்கு அடியில் கிடக்கும்.

அன்றைக்கு இன்னாடு ஸ்டாப்பில் ஏறிய ஒரு அம்மா எனக்கென்று ஒரு மஞ்சள் பை நிறைய காட்டு வள்ளிக்கிழங்கு கொடுத்தார். அதற்கு முன்னால் வெள்ளிமலையில் சடையன் என்ற விவசாயி, கச்சிராயபாளையத்தில் ஒரு ஆளிடம் கொடுக்கச் சொல்லி ஒரு மஞ்சள் பையை ஏற்றியிருந்தார். இரண்டு பையிலும் ஒரே மணமகன், ஒரே மணமகள் பெயர். அந்த மாதம் மலையில் நடந்த ஒரு பெரிய கல்யாணத்தின் தாம்பூலப் பை அது. மலையில் பாதிப் பேர் கையில் அன்றைக்கு அந்தப் பைதான் இருந்தது. மண் ஒட்டிய கிழங்கு இதிலும், மண் ஒட்டிய கிழங்கு அதிலும். விரல் வேறு காலையிலிருந்து துடித்துக்கொண்டிருந்தது. மாத்திரை ஒன்று போட்டிருந்தேன். கச்சிராயபாளையத்தில் அந்த ஆள் ஜன்னலுக்கு வெளியே கை நீட்ட, கைக்கு வந்த பையை எடுத்துக் கொடுத்தேன். மிச்சமிருந்ததை வீட்டுக்குக் கொண்டு போனேன்.

அன்றைக்கு கிருத்திகை. தனலட்சுமி விரதம். எனக்கு மட்டும் சோறாக்கி, கிழங்கைத் தோல் சீவி வேகவைத்து மிளகாய்த்தூள் போட்டு வதக்கி வைத்திருந்தாள்.

"இன்னாடி இது, கசக்குது?" என்றேன்.

"உங்களுக்கு எதுதான் கசக்கல? நேத்து ரசம் கசந்துச்சி. முந்தா நாளு காப்பி கசந்துச்சி. மலக்கெழங்குன்னா அப்பிடித்தான் இருக்கும்."

"நெசமாவே கசக்குதுடி."

"வேணும்னா சாப்புடுங்க. வேணான்னா எழுந்திரிங்க. வெரதம் இருக்கறவகிட்ட ருசி கேட்டுகினு."

நியாயமாக நான் எழுந்திருக்க வேண்டும். ரோஷம் வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டைக் காலி செய்தேன். ரோஷத்தில் ஒரு மனிதன் செய்கிற காரியங்களில் இது ரொம்ப மட்டமான காரியம் என்று இப்போது தெரிகிறது.

விடிவதற்குள் ஆரம்பித்துவிட்டது. தொண்டை எரிச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. தண்ணீர் குடித்தால் தண்ணீர் அப்படியே திரும்பி வந்தது. தனலட்சுமி என் வாயருகே வந்து மோந்து பார்த்தாள். திருமணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு! "எங்கியாவது ஊத்திக்கினீங்களா?" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இன்னொரு வாந்தி வந்தது.

பக்கத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். டிரிப்ஸ் ஏற்றினார்கள். இரத்தம் எடுத்தார்கள். "வெள்ளை அணு கொஞ்சம் ஜாஸ்தி, ஃபுட் பாய்சன்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வாசல் தாண்டுவதற்குள் அந்த மாத்திரையும் வெளியே வந்துவிட்டது. அங்கிருந்து கள்ளக்குறிச்சியிலேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே போனதும் கண்ணில் டார்ச் அடித்தார்கள். "வெளிச்சம் தெரியுதா? எத்தனை விரல் காட்டுறேன்?" விஷச் சாராயம் முதலில் கண்ணைத்தான் பிடிக்கும் என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாடத்தை இந்த ஊர் எத்தனை உயிரைக் கொடுத்துப் படித்தது என்பதும் தெரியும். அதனால் அவர்கள் கேட்டதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் வருகிற ஒவ்வொரு வெள்ளைக் கோட்டும் வந்து விரலைக் காட்டினால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? கடைசியாக வந்த ஒரு பயிற்சி டாக்டரிடம், "தம்பி, நீங்க காட்டறது மூணு வெரலு, அதுல ஒண்ணுல நகம் வெட்டல" என்றேன். அதன்பிறகு கேட்கவில்லை.

இதற்கு நடுவில் ஒரே ஒரு நல்ல விஷயம் நடந்திருந்தது. கட்டைவிரல் அடங்கிவிட்டது. முந்தின நாள் துடித்துக்கொண்டிருந்த விரல் பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடந்தது. இதுவாவது நல்லதாயிற்றே என்று சந்தோஷப்பட்டேன். என்னைவிட முட்டாள் அன்றைக்கு அந்த வார்டில் இருந்திருக்க முடியாது.

மறுநாள் நான் துவண்டு கிடக்கும்போது, வார்டு வாசலில் ஒரு குரல் கேட்டது. நர்ஸ் தடுக்கத் தடுக்க உள்ளே வந்தார் சடையன்.

"கண்டக்டரே! எம் மூட்ட எங்க?"

"இன்னா மூட்ட சடையா?"

"இன்னா மூட்டயா? கச்சிராயபாளையத்துல குடுக்கச் சொல்லி ஏத்தி வுட்டனே, மஞ்சப் பை! அந்தாளு போன் பண்ணி ஏசறாரு. வெதக்கெழங்கு கேட்டா சோத்துக்கெழங்க அனுப்பிச்சிக்கினு இருக்கியேன்றாரு. மலயெல்லாம் அலஞ்சி தோண்டுனதுய்யா. பஸ்ஸுல வந்து கேட்டா நீ ஆஸ்பத்திரில கீறன்னு டிரைவரு சொல்றாரு. எங்க எம் மூட்ட?"

ஒரு மனிதன் சாகக் கிடக்கும்போது கிழங்குக் கணக்கு கேட்க வந்திருக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அத நான் சாப்ட்டுட்டன். போ. போயி கேஸு போடு" என்றேன்.

சடையன் என் முகத்தைப் பார்த்தார், தனலட்சுமியைப் பார்த்தார். அவர் தோளில் கிடந்த துண்டு நழுவிக் கீழே விழுந்தது. "சாப்ட்டியா? கண்வலிக்கெழங்கயா?" என்றார்.

இரண்டு கட்டில் தள்ளி நின்று யாருக்கோ நாடி பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா திரும்பினார். சின்ன வயசு, கடலூர்ப் பக்கம். "என்ன கிழங்கு சொன்னீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். சடையன் திரும்பச் சொன்னார். அந்தப் பெண்ணின் முகம் மாறியதைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல் தடவை பயம் வந்தது. அதுவரைக்கும் என்னிடம் கோபம் மட்டும்தான் இருந்தது.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா ஐயா?"

"கால் வெரலுக்கு ஒண்ணு." தனலட்சுமி தோல்பையைத் துழாவி மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, இந்த மாத்திரையே அந்தக் கிழங்குலருந்தும் விதைலருந்தும்தான் எடுக்கிறாங்க. செங்காந்தள் பூ தெரியுமில்ல? அதோட கிழங்கு. மாத்திரையில கடுகளவு இருக்கிறது கிழங்குல கொட்டிக் கிடக்கு."

செங்காந்தள் நம் மாநிலத்து மலர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பூவின் படம் போட்டிருக்கிறார்கள். கிழங்கின் படத்தையும் பக்கத்தில் போட்டிருந்தால் எவ்வளவு உபகாரமாக இருந்திருக்கும்!

அதன்பிறகு அவர் சொன்னதை என்னால் முடிந்த அளவுக்கு இங்கே சொல்கிறேன். எனக்குப் புரிகிற வரைக்கும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். செத்தாலும் காரணம் தெரிந்து சாக வேண்டும் என்பது என் கொள்கை.

நம் உடம்பில் இருக்கிற ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் ஒரு எலும்புக்கூடு உண்டாம். அணு என்பது தண்ணீர் ஊற்றிய பலூன் இல்லை. உள்ளே மெல்லிய நூல்களும் கொஞ்சம் தடித்த குழாய்களும் இருக்கின்றன. நம் எலும்பு மாதிரி அது நிலையாக நிற்பதில்லை. பந்தல் போடுவது மாதிரி, தேவைப்பட்ட பக்கம் கால் ஊன்றி, தேவையில்லாத பக்கம் பிடுங்கி, எந்நேரமும் போட்டுக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருக்கிறது. கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்களுக்கு இது இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. அவை ஊர்ந்து போக வேண்டும் என்றால் நூல்கள் முன்பக்கம் தள்ள வேண்டும். எதிரியைத் தொட்டதும் குழாய்கள் அந்தப் பக்கமாகத் திரும்ப வேண்டும். ஆயுதங்கள் அந்தக் குழாய் வழியாகத்தான் போகும். வெள்ளை அணு இருந்தால் மட்டும் போதாது, உள்ளே பந்தல் நின்றால்தான் அது விழித்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்பும்.

"உங்க விரலையே எடுத்துக்குங்க" என்றார். "ஒரு வெள்ளை அணு அந்தப் படிகத்தை முழுங்குது. செரிக்க முடியல. உடனே அபாய மணி அடிக்கணும். ஆனா மணியோட பாகங்க அணுவுக்குள்ள ஆளுக்கொரு மூலையில கிடக்கு. குழாய் வழியா எல்லாத்தையும் ஒரே இடத்துக்கு இழுத்து வந்து சேர்த்தாதான் மணி அடிக்கும். மணி அடிச்சா மத்த அணுக்க கூட்டமா ஓடி வரும். சிவந்து, வீங்கி, வலிக்கும். நீங்க போடுற மாத்திரை அந்தக் குழாயைக் கட்ட விடாது. குழாய்ங்கிறது குட்டிக் குட்டித் துண்டு அடுக்கி அடுக்கி வளர்றது. மருந்து துண்டுல ஒட்டிக்கும். அடுத்த துண்டு சேராது. மணியும் அடிக்காது, கூட்டமும் வராது, வலியும் இல்ல."

"அப்ப மருந்து நல்லாத்தான் வேல செஞ்சிக்கினு கீது. வெரலு சுத்தமா அடங்கிடுச்சி" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "விரல் மட்டும் அடங்கல ஐயா. ஒரு அணு ரெண்டாப் பிரியணும்னாலும் அந்தக் குழாய்தான் ரெண்டு பக்கமும் இழுத்துப் பிரிக்கணும். தினம் தினம் புதுசா பிறக்கிற அணுக்க இருக்கிற இடம் ரெண்டு. ஒண்ணு குடல், அதான் இந்த வாந்தி பேதி. இன்னொண்ணு எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜை. வெள்ளை அணு அங்கதான் பிறக்குது. நாளையிலருந்து உங்க வெள்ளை அணு குறைய ஆரம்பிக்கும்."

"முறிவு மருந்து?"

"நம்மகிட்ட இல்லீங்க. உடம்பே அதை வெளிய தள்ளணும். மஜ்ஜை திரும்ப வேலையை ஆரம்பிக்கணும். அதுக்கு ஊசி போடுவோம். அதுவரைக்கும் எந்தக் கிருமியும் அண்டாம பார்த்துக்கணும்."

ஆக, போட்டி இதுதான். வெள்ளை அணு முதலில் வருமா, கிருமி முதலில் வருமா? அதைப் பொறுத்து நான் பிழைப்பேன், இல்லாவிட்டால் செத்துப்போவேன். சடையன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். தனலட்சுமி நின்ற இடத்திலேயே நின்றாள். "கசக்குதுன்னு சொன்னாரே" என்று மட்டும் ஒருதடவை சொன்னாள்.

என்னைத் தனி அறைக்கு மாற்றினார்கள். விஷம் என்று தெரிந்ததும் போலீசுக்குத் தகவல் போக வேண்டுமாம். சாயங்காலம் ஒரு ஏட்டு வந்து வாசலில் நின்றார்.

"வூட்டுல இன்னா சண்ட?" என்றார். சண்டை இருந்ததா என்று கேட்கவில்லை, என்ன சண்டை என்றுதான் கேட்டார். பை மாறியதைச் சொன்னேன். தாம்பூலப் பையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். "சமைச்சது யாரு?"

"நாந்தான்" என்றாள் தனலட்சுமி.

"நீ சாப்புடல."

"கிருத்திக வெரதங்க."

"ம். சரியா அன்னிக்கின்னு பாத்து வெரதம்."

அதைக் கேட்டதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. "சார், கண்ணாலம் ஆன நாளா இவருக்கு நாந்தான் ஆக்கிப் போடறன். தெனம் எதனா ஒண்ணு நொட்ட சொல்லிக்கினேதான் சாப்புடுவாரு. கொல்லணும்னா இத்தினி வருசமா பாத்துக்கினு இருப்பனா? மொதல் மாசமே முடிச்சிருக்க மாட்டன்?"

ஏட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "எழுந்து நடமாடுனதும் நீயே ஸ்டேஷன் வந்து சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். எழுந்து நடமாடாவிட்டால்? அவர் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது. நான் போய்விட்டால் இவள் இந்தப் பதிலை யார் யாரிடம் சொல்லிக்கொண்டு அலைவாள்? என் சாவைவிட அதுதான் என்னை அதிகமாக உறுத்தியது.

டாக்டரம்மா சொன்ன மாதிரியே வெள்ளை அணு குறைந்தது. தினமும் காலையில் இரத்தம் எடுத்துப் போவார்கள். மதியம் வந்து "கம்மியாயிருக்கு" என்பார்கள். மறுநாள் "இன்னும் கம்மி." எவ்வளவு என்று கேட்பதை நிறுத்திவிட்டேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். படுக்கையில் கிடப்பவனைப் போய்ப் பார்க்காவிட்டால் நாளைக்கு மரியாதை இருக்காது அல்லவா? நைனார்பாளையத்திலிருந்து தனலட்சுமியின் அண்ணன் வேன் வைத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஆப்பிள், சாத்துக்குடி, திருநீறு. ஒருவருக்கு இருமல், ஒருவருக்கு மூக்கொழுகல். "உள்ளே யாரும் போகக் கூடாது, இருமல்கூட ஆபத்து" என்று நர்ஸ் சொன்னால், "நாங்க இன்னா வெளியாளா?" என்கிறார்கள். கிருமிக்குச் சொந்தக்காரன், வெளியாள் என்று வித்தியாசம் தெரியுமா?

தனலட்சுமி அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கூடப் பிறந்த அண்ணனையே தடுத்துவிட்டாள். "பாக்கணும்னா கண்ணாடில பாரு. பேசணும்னா போன்ல பேசு." அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அவள் கவலைப்படவில்லை. பச்சைக் காய், பழம், பூ எல்லாவற்றிலும் கிருமி இருக்கும், எதுவும் அறைக்குள் வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கல்யாண நாளிலிருந்து தலையில் பூ இல்லாமல் நான் அவளைப் பார்த்ததில்லை. அந்த நாட்களில் வெறும் கொண்டையோடு, முகக்கவசம் கட்டிக்கொண்டு, குழைய வேகவைத்த கஞ்சியை ஊட்டினாள். ஒவ்வொரு தடவையும் என் எதிரிலேயே முதலில் ஒரு கரண்டி தான் குடித்துவிட்டு, கரண்டியை மாற்றிவிட்டு, அதன்பிறகுதான் எனக்குக் கொடுத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கஞ்சியில் உப்பே இல்லை. அதையும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் குறை சொல்லாமல் சாப்பிட்ட சாப்பாடு அதுதான்.

சடையன் தினமும் மலையிலிருந்து இறங்கி வந்தார். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பார், கும்பிடுவார், போய்விடுவார். ஒரு நாள் தேன் பாட்டில் கொண்டுவந்து நர்ஸிடம் திட்டு வாங்கினார். டிரைவர் முனுசாமி, பஸ் ஆஸ்பத்திரியைத் தாண்டும்போதெல்லாம் ரெண்டு தடவை ஹாரன் அடிப்பார். ஹாரன் அடிக்கக் கூடாது என்று அங்கே இவ்வளவு பெரிய போர்டு இருக்கிறது. அதற்குக் கீழேயே நின்று அடிப்பார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவரா என்ன? வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் காலையிலிருந்து அந்த ஹாரனுக்கே காத்துக்கிடப்பேன்.

அப்புறம் முடி கொட்டியது. தலையணையில் கொத்துக் கொத்தாக. தலைமுடியின் வேரிலும் அணுக்கள் பிரிந்துகொண்டே இருக்க வேண்டுமாம், அங்கேயும் பந்தல் இல்லை. அதோடு காய்ச்சலும் வந்தது. காய்ச்சல் வந்த அன்றைக்கு டாக்டரம்மா இரண்டு புது ஆன்டிபயாடிக் மருந்து ஏற்றினார். எனக்கு உடம்பெல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டது. பயந்தேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நன்றாகப் பயந்தேன். சண்டை போட ஒரு ஆள்கூட இல்லாத உடம்புக்குள் கிருமி நுழைந்துவிட்டது. போட்டியில் கிருமி முந்திக்கொண்டது என்றே நினைத்தேன். தனலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டுகிட்ட பை மாறுன கதய எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறன், பேப்பர் எடு" என்றேன். "சும்மா கெடங்க" என்றாள்.

காய்ச்சல் ஏறுவதும் இறங்குவதுமாக இழுத்தடித்தது. இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் மாறவில்லை. ஊசி போட்டார்கள், போட்டார்கள், மஜ்ஜை அசையவில்லை. அரசாங்க ஆபீசில் மனு கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பது மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

ஒரு நாள் காலை. ஜன்னலில் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. தனலட்சுமி போர்வையை இழுத்து என் காலை மூடினாள்.

நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்தார். தனலட்சுமி போர்வையை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். "இன்னாங்க? நெஞ்சா? இன்னா பண்ணுது?" என்றாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"வெரலுடி! வெரலு! போர்வய எடு!"

எடுத்தாள். வலது கால் கட்டைவிரல் சிவந்திருந்தது. ஓரத்தில் பளபளவென்று வீக்கம். அந்த எரிச்சலை நான் எங்கே இருந்தாலும் அடையாளம் கண்டுகொள்வேன். பல வருஷத்து எதிரி. சாகக் கிடக்கிறவனுக்கு இது ஒன்றுதான் குறைச்சலா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த விரலைப் பார்த்துக் கெட்ட வார்த்தைகூடச் சொன்னேன், நர்ஸ் முன்னாலேயே. சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதியில் வாயை மூடிக்கொண்டேன்.

அபாய மணி அடிக்க வேண்டும். பாகங்களை ஒரே இடத்துக்கு இழுத்து வர வேண்டும். அதற்குக் குழாய் வேண்டும். மணி கேட்டு ஓடி வருவதற்கு ஆள் வேண்டும்.

"டாக்டரம்மாவக் கூப்புடுங்க" என்றேன்.

அவர் வந்து குனிந்து பார்த்தார். ஒரு விரல் நுனியால் தொட்டார். நான் அலறினேன். அவர் இன்னொரு தடவை தொட்டார், வேண்டுமென்றேதான். நிமிர்ந்தபோது முகக்கவசத்துக்கு மேலே அவர் கண் ஈரமாக இருந்தது. "ரிப்போர்ட் மதியம் வரட்டும்" என்றார். "ஆனா ஐயா, யாருமில்லாத ஊர்ல இப்படிக் கலாட்டா நடக்காது."

மதியம் ரிப்போர்ட் வந்தது. வெள்ளை அணு ஏறியிருந்தது.

வலி அன்றைக்கு முழுக்க ஏறிக்கொண்டே போனது. பழக்க தோஷத்தில் "அந்த மாத்திரயக் குடுங்க" என்று கேட்டுவிட்டேன். "அது ஒண்ணை மட்டும் இனிமே என்கிட்ட கேக்காதீங்க" என்றார் டாக்டரம்மா. சிறுநீரகம் இன்னும் தேறவில்லை என்று மற்ற வலி மாத்திரைகளையும் யோசித்து யோசித்துத்தான் கொடுத்தார்கள். ஐஸ் வைத்தார்கள். ஃபேனை நிறுத்தினார்கள். தனலட்சுமி எங்கிருந்தோ ஒரு அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, இரண்டு பக்கமும் வெட்டி, போர்வை படாதபடி என் பாதத்தின் மேல் கவிழ்த்து வைத்தாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் சடையன் வந்து நின்றார். அவள் வெளியே போய் அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

உள்ளே வந்து ஸ்டூலை என் காலருகே போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் பெட்டியைத் தூக்கிப் பார்ப்பாள். வெரல்தானே, உசுரா போவுது என்று அடுப்படியிலிருந்து கத்திய அதே தனலட்சுமி.

"இன்னும் வலிக்குதாங்க?" என்று கேட்டாள்.

"உசுரு போவுதுடி" என்றேன்.

அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டாள். அன்றைக்குப் பூராவும் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும், எங்கே நான் இல்லை என்று சொல்லிவிடுவேனோ என்ற பயத்தோடு என் முகத்தைப் பார்த்தாள்.